ஒரு லிட்டருக்கு எவ்வளவு படிகாரம்?

மார்ச் 9

குழாயில் தண்ணீர் வந்து ஒரு வாரத்துக்கு மேலாகிறது. கீழ்வீட்டுக் கிணற்றில் உப்பு ஏறிவிட்டது. பள்ளி ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்த, கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை முக்கிப் பார்த்தேன். நான்காயிரத்தைத் தாண்டியது. அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்பைத் திரித்துவிடும், பால் திரிந்தாற்போல் வெள்ளைத் துணுக்குகள் மிதக்கும். வருஷா வருஷம் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு நடத்துகிற பாடம்தான். இன்று அது என் தலைமுடியில் பிசினாக ஒட்டிக்கொண்டது.

லாரித் தண்ணீர் பிடித்து மாடிக்கு ஏற்றினேன். இடுப்பு வலிக்கிறது.

பெலிக்ஸ் அழைக்கவில்லை. கப்பல் நங்கூரம் போட்ட இடத்தில் சிக்னல் கிடைக்காது என்று போன வாரமே சொல்லியிருந்தார். அதனால் கவலை ஒன்றுமில்லை.

மார்ச் 14

காலையில் அழைத்தார். பல் துலக்கிக்கொண்டிருந்தேன், வாய் நிறைய நுரையோடு பேசினேன்.

கப்பல் இன்னும் அங்கேயே நிற்கிறது. சரக்கு இறக்கியாகிவிட்டது. முதலாளி கம்பெனி துறைமுகத்துக்குக் கட்டவேண்டியதைக் கட்டாததால் கப்பலைப் பிடித்துவைத்திருக்கிறார்கள். கம்பெனி போனை எடுப்பதில்லை. கரையிறங்க அனுமதியும் இல்லை.

"இதெல்லாம் சகஜம் ஜசி. ரெண்டு மூணு வாரத்துல முடிஞ்சிரும்."

"இப்ப மட்டும் எப்படி சிக்னல் கிடைச்சுது?"

கடல் ஏறும்போது கப்பல் நங்கூரத்தைச் சுற்றித் திரும்புமாம். பின்பக்கம் கரையைப் பார்க்கும் கொஞ்ச நேரம், தளத்தின் ஓரக் கம்பியை ஒட்டி நின்றால் போன் எடுக்குமாம். பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் விட்டுவிட்டு வந்தது. கப்பல் திரும்பிவிட்டது.

எங்களுக்குத் திருமணமாகி மூன்று வருஷம். அவருடைய விடுமுறைகளைக் கூட்டினால் ஒரு வருஷம் தேறாது. எனக்கு முப்பத்தெட்டு, அவருக்கு நாற்பத்தொன்று. இரண்டு பேருமே தனியாக இருந்து பழகியவர்கள் என்பதால் இது ஒத்துப்போகும் என்று சொல்லித்தான் பெண் கேட்டு வந்தார்கள். ஒத்துத்தான் போகிறது.

அந்தத் துறைமுகத்தில் கடல் ஏறி இறங்கும் ஓத நேரங்களை இணையத்தில் தேடி எடுத்து வைத்தேன்.

மார்ச் 21

பொதுத்தேர்வு மேற்பார்வை முடிந்து மத்தியானமே வந்துவிட்டேன். சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லை. குளிக்கிற தண்ணீர் அத்தனையும் சாக்கடைக்குப் போவது நெஞ்சை அறுக்கிறது. அதை வடிகட்டிக் கக்கூஸுக்கும் செடிக்கும் விட்டால் நாளுக்கு நாலைந்து குடம் மிச்சம். பழைய பிளாஸ்டிக் டிரம் மூன்று வாங்கிவந்தேன். முதலாவதில் கூழாங்கல், அடுத்ததில் மணல், கடைசியில் சிரட்டைக் கரி. பிளம்பர் வந்து குளியலறைக் குழாயைப் பின்வாசலுக்குத் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டுக்காரி சண்முகக்கனி அக்கா கீழே நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஒத்த ஆளு குளிக்க தண்ணிக்கு எதுக்கு டீச்சர் இம்புட்டுப் பெரிய டிரம்மு?"

"இந்த அளவுலதான்க்கா கிடைச்சுது."

சின்ன டிரம்மும் அந்தக் கடையில் இருந்தது.

மார்ச் 26

நாற்றம்.

கனியக்கா காலையிலேயே படியேறி வந்துவிட்டாள். "பெறவாசல்ல நிக்க முடியல டீச்சர். எலி செத்துக் கெடக்கோன்னு பாத்தேன். ஒங்க டிரம்முதான் நாறுது. குளிச்ச தண்ணிய எதுக்குச் சேத்து வைக்கிய? புண்ணியமாப் போகட்டும், கொட்டிருங்க."

தப்பு என்னுடையதுதான். தண்ணீரை இரண்டு நாள் தேக்கிவைத்துவிட்டேன். அழுக்கையும் முடியையும் தின்கிற நுண்ணுயிரிகள் கரைந்திருந்த ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டன. அதன்பிறகு காற்றில்லாமல் வாழ்கிற கூட்டம் உள்ளே வந்து, அழுகிய முட்டை நாற்றத்தைக் கிளப்பும். ஹைட்ரஜன் சல்பைடு. ஆய்வகத்தில் அதைத் தயாரிக்கும்போது பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள்.

எல்லாவற்றையும் கொட்டி, மணலைக் கழுவி வெயிலில் பரப்பினேன். இனி அன்றைய தண்ணீர் அன்றைக்கே வெளியேறவேண்டும்.

ஓத நேரப்படி இன்று காலை அவர் அழைத்திருக்கவேண்டும். அழைக்கவில்லை.

ஏப்ரல் 6

தெளிந்த தண்ணீர் வருகிறது! முதல் டிரம்முக்கு முன்னால் ஒரு துணி கட்டி முடியையும் நூலையும் பிடித்தேன். பிறகு ஒரு சிட்டிகை படிகாரத்தூள். சோப்புத் தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய அழுக்கெல்லாம் ஒரே மின்னேற்றம் உள்ளவை, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு படியாமலே திரியும். படிகாரம் விழுந்ததும் ஒன்றோடொன்று ஒட்டி, கட்டிகட்டியாக அடியில் போய் உட்காரும். மணல் மிச்சத்தைப் பிடிக்கும். கரி வாடையை இழுத்துக்கொள்ளும்.

கனியக்கா கண்ணாடித் தம்ளரில் பிடித்து வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். "ஏயப்பா, குடிக்கலாம் போலல்லா இருக்கு!"

"குடிச்சிராதிய. பாக்கத்தான் பளிங்கு. கரைஞ்சது எல்லாம் உள்ள அப்படியே இருக்கும்."

மீட்டரை வைத்துக் காட்டினேன். வடிகட்டுவதற்கு முன்பு என்ன எண்ணோ, பிறகும் ஏறக்குறைய அதே எண். மணலும் கரியும் உப்பைப் பிடிக்காது. அக்காவுக்கு நம்பிக்கையில்லை, ஆனால் சாயங்காலம் தன் வீட்டுக் குளியலறைத் தண்ணீரையும் இதில் சேர்க்கமுடியுமா என்று கேட்டாள். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் மட்டும் வேண்டாம், எண்ணெய் மணலை அடைத்துவிடும் என்றேன்.

சுவரோரம் கல்வாழை நட்டோம்.

ஏப்ரல் 11

பெலிக்ஸ் அழைத்தார். கப்பலில் எண்ணெய் குறைந்துவருகிறதாம். ஜெனரேட்டரைக் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் ஓட்டுகிறார்கள். பெரிய என்ஜின் ஓடினால்தான் அதன் சூட்டில் கடல்நீரை ஆவியாக்கி நல்ல தண்ணீர் எடுக்கமுடியும். என்ஜின் நின்றுவிட்டதால் அந்தக் கருவியும் நின்றுவிட்டது. மூன்றாம் என்ஜினியர் என்ற முறையில் அதைப் பார்த்துக்கொள்கிறவர் இவர்தான்.

"குளிக்கதெல்லாம் கடல் தண்ணிதான். தோலு அரிக்குது. சோப்பு நுரைக்கவே மாட்டேங்குது."

"நுரைக்காது. துணி துவைக்க திரவ டிடர்ஜென்ட் இருக்கா? அது நுரைக்கும். கொஞ்சமாப் போட்டுக் குளிச்சிட்டு, கடைசியா ஒரு செம்பு நல்ல தண்ணி ஊத்துங்க. உப்பு தோல்ல காயக்கூடாது."

"அந்த ஒரு செம்பையும் கீழ விடவா மனசு வருது?"

என் டிரம் கதையைச் சொன்னேன். சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நெருப்ப அணைக்க வச்சிருக்க மணல் பெட்டி பெட்டியா இருக்கு" என்றார். "கறி சுடுறதுக்கு வாங்கின அடுப்புக்கரியும் குக்குகிட்ட மூட்டையா இருக்கு."

"போதும். மணலைக் கடல் தண்ணியில அலசி, கடைசியில நல்ல தண்ணி விடுங்க. கரியப் பொடிச்சு..."

கப்பல் திரும்பிவிட்டது. மீதியை எழுதி அனுப்பினேன். அடுத்த ஓதத்தில் போய்ச் சேரும்.

ஏப்ரல் 19

படம் அனுப்பியிருக்கிறார். கப்பல் தளத்தில் பாதியாக வெட்டிய பீப்பாய்கள், அவற்றுக்கு நடுவே பெலிக்ஸ். ஒரு புட்டியில் தெளிந்த தண்ணீரைத் தூக்கிப் பிடித்திருக்கிறார், பரிசு வாங்கின பிள்ளை மாதிரி. குளித்துக் கடைசியில் ஊற்றுகிற நல்ல தண்ணீரை ஒரு தொட்டியில் பிடித்து வடிகட்டி, அதில் துணி அலசுகிறார்களாம். கப்பலே இவரை இப்போது புரொபசர் என்று கூப்பிடுகிறதாம். "வாத்தியப் பொண்டாட்டியாக் கட்டினா இப்படித்தான்" என்று எழுதியிருந்தார்.

கனியக்காவிடம் காட்டினேன். "ஏன் இப்படி மெலிஞ்சு போயிட்டாவ?" என்றாள். வெயிலுக்கு எதிரே எடுத்த படம், அதனால் அப்படித் தெரிகிறது.

படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்ததில் புள்ளிபுள்ளியாகப் போய்விட்டது. உதடு வெடித்திருந்தது போலிருந்தது. புள்ளிகளாகவும் இருக்கலாம்.

ஏப்ரல் 27

விடைத்தாள் திருத்தும் முகாமில் இருந்தபோது அழைப்பு வந்தது. வராந்தாவுக்கு ஓடினேன்.

"ஜசி, அவசரமா ஒண்ணு கேக்கணும். எங்க தளத்து மேஸ்திரி போசன் சவரத்துக்கு ஒரு படிகாரக் கட்டி வச்சிருக்காரு. அதத் தூளாக்கிப் போடலாம்லா? ஒரு லிட்டருக்கு எவ்வளவு போடணும்?"

"கொஞ்சம்தான். நகத்து நுனியில நிக்கிற அளவு. நல்லாக் கலக்கிட்டு அசையாம வைங்க, அழுக்கெல்லாம் சேந்து அடியில போயிரும்."

"சரி. நீ சாப்ட்டியா?"

"இன்னும் இல்ல. நீங்க?"

"ஆச்சு, ஆச்சு."

எவ்வளவு நேரம் பேசினோமோ, அவர் குரல் காதிலேயே இருந்தது. எனக்குத் தெரிந்த ஒன்றை அவர் என்னிடம் கேட்கிறார், நான் சொன்னதை அங்கே கடல்நடுவில் செய்துபார்க்கிறார். ஒரே வீட்டில் இருப்பது போல்தான் இதுவும். மத்தியானம் கூட உட்கார்ந்திருந்த டீச்சர், "என்ன ஜசிந்தா, முகத்துல ஒரே சிரிப்பு" என்றாள்.

ஏப்ரல் 28

ஒரு விடைத்தாளைத் திருத்திக்கொண்டிருந்தேன். தண்ணீரின் கடினத்தன்மைக் கணக்கு. 'ஒரு லிட்டர் நீரில்' என்று தொடங்கும். பேனா அப்படியே நின்றுவிட்டது.

ஒரு லிட்டர் தண்ணீரில் யாரும் குளிப்பதில்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் யாரும் துணி அலசுவதில்லை.

ஏப்ரல் 29

விடிந்ததிலிருந்து போனைக் கையிலேயே வைத்திருந்தேன். அவர் அழைக்கவில்லை, நானே அடித்துக்கொண்டே இருந்தேன். ஏழாவதோ எட்டாவதோ தடவை எடுத்தார்.

"குடிக்கியளா அந்தத் தண்ணிய?"

காற்றுச் சத்தம் மட்டும்.

"ஏங்க, ஒங்களத்தான் கேக்கேன்."

"டேங்க் அடியில இருந்ததத்தான் முதல்ல குடிச்சோம். செம்மண்ணாட்டம் துரு. படிகாரம் போட்டாத் தெளிஞ்சுது. நேத்தோட அதுவும் தீந்துட்டு."

"இப்ப?"

"வடிகட்டினத காய்ச்சித்தான் குடிக்கோம். பாக்க நல்லாத்தான் இருக்கு ஜசி."

நான் கத்தினேன் என்று நினைக்கிறேன். கீழே கனியக்கா கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. "ஒங்க மேல இருந்த கடல் உப்பெல்லாம் அதுலதான இருக்கு! காய்ச்சினா கிருமி சாவும், உப்பு சாவுமா? தண்ணி ஆவியாப் போகப்போக உப்பு இன்னும் கூடத்தான் செய்யும். குடிக்கக் குடிக்கத் தாகம் எடுக்கலியா?"

"எடுக்குது" என்றார், சின்னக் குரலில். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ என்ன செய்வ? அங்க இருந்துட்டு அழுவ."

அழவில்லை. காய்ச்சும் சட்டிக்கு மேல் மூடியைச் சாய்த்துக் கவிழ்த்து, மூடியில் கோத்து வடிகிற நீரை மட்டும் வேறு பாத்திரத்தில் பிடிக்கச் சொன்னேன். ஆளுக்கு ஒரு தம்ளர்கூடத் தேறாது, ஆனால் அதில் உப்பு இருக்காது. வடிகட்டிய தண்ணீரில் இனி ஒரு சொட்டும் யாருக்கும் குடிக்கக் கொடுக்கக்கூடாது என்றும் சொன்னேன். சரி சரி என்றார். கப்பல் திரும்பிவிட்டது.

முகாமுக்கு லீவு சொல்லிவிட்டு, கடற்கரைச் சாலையில் கோயிலார் நடத்தும் கப்பல்காரர் இல்லத்துக்குப் போனேன். அங்கிருந்த பாதர், துறைமுகத்துக்கு எழுதிப் பதில் வர நாளாகுமே என்று இழுத்தார். "பாதர், பதில் வரும்போது வாங்கிக்கிட ஆள் இருக்கணும்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போனை எடுத்தார். அந்தத் துறைமுக ஊரிலும் இப்படி ஓர் இல்லம் இருக்கிறதாம். எடுத்தவர் ஒரு மலையாளி. பாதர் பேசத் தொடங்கினார், பாதியில் நான் போனை வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 30

இரண்டாம் என்ஜினியரின் மனைவி காக்கிநாடாவில் இருக்கிறாள், சுஜாதா. பெலிக்ஸ் எப்போதோ கொடுத்த எண். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குத் தெலுங்கு தெரியாது. ஆங்கிலத்தில் இரண்டு பேரும் தடுமாறினோம். அவள் கணவனும் அவளிடம் எல்லாம் நலம் என்றுதான் சொல்லிவைத்திருக்கிறான். ஏழு மாதக் கர்ப்பிணி. உண்மையைச் சொல்லத்தான் வேண்டுமா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. சொன்னேன். அவள் ஊர்ப் பத்திரிகையில் தெரிந்தவர் இருக்கிறார், இப்போதே போகிறேன் என்றாள்.

மே 3

தண்ணீர் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த மலையாளி ஒரு படகை வாடகைக்குப் பிடித்து, கேன்களோடு தானே போயிருக்கிறார். பெலிக்ஸ் ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தார்: 'தண்ணிக்கு ருசி இருக்கு ஜசி.'

கனியக்கா மீன் குழம்பு கொண்டுவந்தாள். சாப்பிட்டேன். பாத்திரம் கழுவும்போது ஒரு தட்டு உடைந்தது.

மே 20

வாரம் ஒரு படகு போகிறது. வழக்கறிஞர் ஒருவரும் கிடைத்திருக்கிறார்.

கல்வாழை பூத்திருக்கிறது. படம் எடுத்து அனுப்பினேன். பெலிக்ஸ் விடுமுறையில் வந்தால் காலையில் என்ன செய்வார் என்று யோசித்துப் பார்த்தேன். செய்தித்தாளைப் பின்பக்கத்திலிருந்து வாசிப்பார். காப்பிக்குச் சர்க்கரை எத்தனை என்று நினைவுக்கு வரவில்லை. ஒன்றரையா, இரண்டா? இதைப் போனில் கேட்கலாமா என்று பார்த்தேன். கேட்கவில்லை.

ஜூன் 14

பாதிப் பேரை ஊருக்கு அனுப்ப நீதிமன்றம் ஒத்துக்கொண்டுவிட்டது! கப்பலை ஆளில்லாமல் விடமுடியாதாம், கொஞ்சம் பேர் இருந்தாகவேண்டும். என்ஜின் பக்கம் ஒருவர் போதும். காலையிலிருந்து மெத்தையை வெயிலில் போட்டு, அலமாரியைத் துடைத்து, என்னென்னவோ செய்துவிட்டேன்.

சாயங்காலம் அழைத்தார்.

"ஜசி, செகண்ட் என்ஜினியர் போறாரு."

"நீங்க?"

"அவரு வீட்ல பிள்ள பெறக்க நாள் நெருங்கிட்டுல்லா."

சுஜாதாவின் குரல் எனக்குத் தெரியும். தெரியாதிருந்தால் இன்னும் நன்றாகச் சண்டை போட்டிருப்பேன்.

"ஏதாவது சொல்லேன்" என்றார்.

"ஒங்க முறையக் கைக்காசு மாதிரி தூக்கிக் குடுத்திட்டு வந்திருக்கிய. இனி நான் என்னத்தச் சொல்ல?"

"நீ என்னைய இங்கயே இருக்கச் சொல்லியிருப்ப. எனக்குத் தெரியும்."

சொல்லியிருக்க மாட்டேன்.

ஜூன் 15

மெத்தையை உள்ளே எடுத்துப் போட்டேன்.

ஜூலை 8

சுஜாதாவுக்குப் பெண் குழந்தை. படத்தில் அந்த மனிதர் குழந்தையைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்திருக்கிறார். வாழ்த்து அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்து மனதாரவும் வாழ்த்தினேன்.

ஆகஸ்ட் 2

கரி தீர்ந்துபோனது. நிறம் மாறாது, எடை மாறாது, ஆனால் பிடிக்கவேண்டியதெல்லாம் பிடித்து முடிந்ததும் எதையும் இழுக்காது. வாடை அப்படியே கடந்து வருகிறது. புதுச் சிரட்டைக் கரி வாங்கிப் பொடித்துக் கழுவினேன். முழங்கைவரை கறுப்பு. கனியக்கா உதவினாள். வேலைக்கு நடுவில் சட்டென்று, "அழுதிட்டாத் தேவல டீச்சர்" என்றாள். கரித்தூள் கண்ணில் விழுந்ததாகச் சொன்னேன். "நானும் அதத்தான் சொல்லுதேன், கண்ணக் கழுவுங்க" என்றாள்.

செப்டம்பர் 22

கப்பலை ஏலத்தில் விட உத்தரவு. வாங்குகிறவர்கள் தங்கள் ஆட்களைக் கொண்டுவருவார்கள். இந்தத் தடவை மெத்தையைத் தொடவில்லை.

அக்டோபர் 27

மழை. தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். கிணற்றில் மீட்டர் ஆயிரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. "இனி எதுக்கு டீச்சர் இந்த டிரம்மு?" என்று அக்கா கேட்டாள். இருக்கட்டும் என்றேன்.

ஏலம் முடிந்துவிட்டது. விமானச் சீட்டும் போட்டுவிட்டார்களாம்.

நவம்பர் 5

வந்துவிட்டார்.

ரயில் நிலையத்தில் முதலில் தாண்டிப் போய்விட்டேன். சட்டை தோளிலிருந்து தொங்கியது, தாடி நரைத்திருந்தது. "ஜசி" என்று பின்னாலிருந்து கேட்டதும்தான் திரும்பினேன். குரல் மட்டும் அதே குரல். பேசிக்கொண்டே இருங்கள் என்று சொல்லவேண்டும் போலிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, மிச்சத்தை மூடி அலமாரியில் உள்ளே தள்ளி வைத்தார். செய்தது அவருக்கே தெரியவில்லை. நானும் பார்க்காத மாதிரி இருந்தேன். காப்பிக்குச் சர்க்கரை ஒன்றரை.

அடுத்த கப்பலைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

நவம்பர் 6

விடியும்போது பக்கத்தில் ஆள் இல்லை. சமையலறையில் தண்ணீர் விழும் சத்தம்.

போய்ப் பார்த்தேன். கால் வைக்க இடமில்லை. குடம், வாளி, அண்டா, இட்லிச் சட்டி, தம்ளர்கள், என் டிபன் டப்பா, அதன் மூடி உட்பட எல்லாம் நிரம்பித் தரையில் நின்றன. பெலிக்ஸ் குழாயடியில் நின்று ஒரு கரண்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றது. வெட்கத்தில் முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது.

"தண்ணி வந்துச்சு. அதான்..." என்றார். "பைத்தியக்காரத்தனமா இருக்குல்லா?"

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. குழாயை மூடலாம், தோளில் கை வைத்து உள்ளே கூட்டிப் போகலாம் என்றெல்லாம் தோன்றியது. பாத்திரங்களுக்கு நடுவே பார்த்துப் பார்த்துக் கால்வைத்துப் போய், பரணில் இருந்த பெரிய குக்கரை இறக்கித் தூசியைத் துடைத்தேன்.

"இது காலியா இருக்கு" என்று அவரிடம் கொடுத்தேன். ஆளுக்கொரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிரப்பினோம்.